ரிட்டன் வண்டி

சிட்டிபாபுவின் நெஞ்சில் ஸ்ப்ரிங் வைத்திருக்கிறார்கள் என்ற செய்தி இரும்புலியூரில் பரவியபோது பாதிப் பேர் உச்சுக்கொட்டினார்கள். மீதிப் பேர் சிரித்துவிட்டு அப்புறம் உச்சுக்கொட்டினார்கள். சிரித்தவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. மீசை அரும்பிய வயதிலிருந்து ஜி.எஸ்.டி. ரோட்டோரம் லாரிகளுக்கு ஸ்ப்ரிங் கட்டுகிறவர் அவர். லாரிக்கு அடியில் பட்டை பட்டையாக அடுக்கியிருக்குமே, அந்த ஸ்ப்ரிங்.

நான் அவர் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். பெயர் ஆஷா. கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர். சிட்டிபாபுவின் அப்பா காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலத்தில்தான் இப்போது இந்த வீடும், பக்கத்தில் வரிசையாக நிற்கிற வாடகை வீடுகளும் இருக்கின்றன. வாடகையை வாங்கிக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி உட்கார்ந்திருக்கலாம். அவருக்கு அது பிடிக்கவில்லை. பட்டறை போட்டார். பழுக்கக் காய்ந்த பட்டையை எண்ணெய்த் தொட்டியில் முக்கும்போது எழும் புகை வாசனை இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது என்று அவர் மனைவி தனம் சொல்வாள். ஒரே மகள் ஓவியா கேளம்பாக்கம் பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அங்கேயே தோழிகளோடு தங்கிக்கொண்டு சனி ஞாயிறு வருவாள்.

ஐப்பசியில் ஒருநாள் பட்டறையில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை, கூட வேலை பார்க்கும் தசரதன் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு. மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு, அடைப்பை விரித்து, ஸ்டென்ட் வைத்தார்கள். ஸ்டென்ட் என்று சொன்னது டாக்டர் தேவானந்தம் ஒருவர்தான். வார்டு ஆயா, ஆட்டோக்காரர், பார்க்க வந்த சொந்தக்காரர் எல்லாருக்கும் அது ஸ்ப்ரிங். தமிழ்நாட்டில் அதற்குப் பெயரே அதுதான். வேறு யாருக்கு வைத்திருந்தாலும் அந்தப் பெயரால் ஒரு கெடுதலும் வந்திருக்காது.

மயக்கம் தெளிந்த சிட்டிபாபு டாக்டரிடம் கேட்ட முதல் கேள்வி, "எத்தினி பட்டை சார் போட்டீங்க?"

டாக்டர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவர் நின்று பதில் சொல்லியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் கொஞ்சம் கோபம் உண்டு.

வீட்டுக்கு வந்த மனுஷன் நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு அடக்கினார். இடப் பக்கம் திரும்பிப் படுக்க மாட்டார். தினமும் நடக்கணும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்கப் போன நானும் அதையே சொன்னேன்.

"உங்களுக்குத் தெரியாது டீச்சர்," என்றார் பொறுமையாக. "புது ஸ்ப்ரிங் கட்டின வண்டில எடுத்தவுடனே லோடு ஏத்தக்கூடாது. காலி வண்டியா வுட்டு, மெதுவா உருட்டி, பட்டை ஒண்ணோட ஒண்ணு நல்லா குந்தணும். அதுக்குள்ளாற பள்ளத்துல வுட்டா பட்டை நவுந்துக்கும். இது இன்னா, ரோட்டு மேல போற வண்டியா, கழட்டி மாட்ட? உள்ளாற கீது."

"ஆஸ்பத்திரிலேர்ந்து ஆட்டோல இஸ்துகினு வந்தோம்ல," என்றாள் தனம். "ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் எறங்கி நடந்து, அந்தாண்ட போய் ஏறிக்கினாரு. பின்னாடி வண்டிக்காரன்லாம் ஆரன் அடிக்கிறான். எனுக்கு மானமே பூட்ச்சு."

நான் சிரித்தேன். அவரும் சிரிக்கப் பார்த்து, ஸ்ப்ரிங் ஆடிவிடுமோ என்று பாதியில் நிறுத்திக்கொண்டார்.

தனத்துக்கு இது சிரிப்பாக இல்லை. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்த சேலையூர் சூர்யநாராயணன், இவரோடு ஒரே நாளில் வீட்டுக்குப் போனவர், அடுத்த வாரமே மறுபடி நெஞ்சு வலி என்று திரும்பி வந்து ஐ.சி.யு.வில் கிடந்தார். அவர் வீட்டம்மா தனத்துக்குப் போன் போட்டு அழுதிருந்தார். அன்றிலிருந்து தனத்துக்கு ஒரே நினைப்பு, இவர் திரும்பப் போய்விடக் கூடாது. குழம்பில் உப்பைப் பாதியாக்கினாள். கருவாட்டுப் பானையைத் தூக்கித் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினாள். வாடகைக்காரர்கள் படியில் தடதடவென்று இறங்கினால் திட்டினாள். நானே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் இறங்குவேன்.

"இன்னா குழம்பு இது," என்று சிட்டிபாபு முனகுவார். "மழத்தண்ணில மொளகாத்தூளப் போட்டா மாதிரி கீது."

"அத்தத் துன்னுட்டு உசுரோட குந்துங்க," என்பாள் தனம்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜெயசீலி என்று ஒரு சிஸ்டர் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போன் செய்வார். ஸ்டென்ட் வைத்துக்கொண்டு போனவர்களைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கென்றே அவரை வைத்திருந்தார்கள். மூச்சு வாங்குகிறதா, கால் வீங்கியிருக்கிறதா, சாப்பாடு எப்படி என்று வரிசையாகக் கேட்பார். பிள்ளையை ஹாஸ்டலில் விட்ட அம்மா மாதிரி குரல். சிட்டிபாபுவும் அவருக்கு மட்டும் மரியாதையாகப் பதில் சொல்வார். போன் ஸ்பீக்கரில் இருக்கும். தனம் பக்கத்தில் நின்று தலையாட்டுவாள்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். ஏரிப் பக்கத்துத் தெருவில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர். பள்ளிக்கூடம் பாதி நாளில் விட்டிருந்தார்கள். தனம் மிளகு ரசம் வைத்திருக்கிறேன் என்று கூப்பிட்டாள். டம்ளரை வாயில் வைக்கும்போது ஜெயசீலியின் போன் வந்தது.

"சார், எப்படி இருக்கீங்க? வலி கிலி இருக்கா?"

"ஒண்ணியும் இல்லம்மா. நல்லா கீறேன்."

"மாத்திரை எல்லாம் கரெக்டா எடுத்துட்டீங்களா?"

"எடுத்துட்டேம்மா."

"வெரி குட் சார். வாக்கிங் மட்டும் ஸ்டார்ட் பண்ணிடுங்க. வச்சுடறேன்."

போனை வைத்ததும் நான் சும்மா இருக்காமல், "மாத்திரை விஷயத்துல உங்களைக் குறை சொல்ல முடியாது சார். ஒழுங்கா எடுத்துக்கறீங்க," என்றேன்.

"ஆமா டீச்சர். அப்பவே எடுத்துட்டேன். எடுத்ததுலேர்ந்து ஈறுல ரத்தம் வர்றதும் நின்னுபோச்சு. கைல நீலம் நீலமா கட்டிகினு இருந்துச்சே, அதுவும் கொறஞ்சுகினு வருது."

டம்ளரைக் கீழே வைத்தேன். "எடுத்துட்டேன்னா? என்ன எடுத்தீங்க?"

"அந்தச் சின்ன மாத்திரைய. அதோ மாட்டிக் கீதே."

சுவரில் முருகன் காலண்டர் தொங்கிய ஆணியிலேயே, ரப்பர் பேண்ட் போட்டு ஒரு மாத்திரை அட்டை மாட்டியிருந்தது. நாங்கள் எல்லாருமே அதைத் தினமும் பார்த்திருக்கிறோம். மறக்காமல் இருக்க மாட்டியிருக்கிறார் என்றுதான் நினைத்தோம். பட்டறைப் பழக்கம் அது. கழற்றின சாமானைத் தூக்கிப் போட மாட்டார். ஆணியில் மாட்டி வைப்பார்.

"ஏன் சார் எடுத்தீங்க?"

அவர் எனக்குப் பாடம் சொல்கிற மாதிரி நிதானமாகச் சொன்னார். "டீச்சர், பட்டைய அடுக்கி அமுக்கும்போது சுத்தி ஒரு கிளாம்ப்பு போடுவோம். இல்லாட்டி அள்ளிகினு பூடும். அப்பால நடு போல்ட்டு மாட்டி, வண்டியோட சேத்து முடுக்கிட்டா, கிளாம்ப்ப எடுத்துடணும். எடுக்காம வுட்டா ஸ்ப்ரிங் வேலை செய்யாது. எனுக்கு வலி நின்னுச்சு. கைக் காயம் ஆறிப்போச்சு. ஸ்ப்ரிங் குந்திகிச்சுன்னு தெரிஞ்சுது. மாத்திர இன்னும் எதுக்கு? அத்தொட்டு எடுத்துட்டேன். அந்தம்மாவும் ஒவ்வொரு தபாவும் எடுத்துட்டீங்களா, எடுத்துட்டீங்களான்னுதான கேக்குது. எடுத்துட்டேன்னு சொன்னா வெரி குட்டுங்குது."

அவர் பொய் சொல்லவில்லை. சிட்டிபாபு பொய் சொல்கிற ஆள் இல்லை. மாத்திரையை எடுப்பது இங்கிலீஷ் படித்த எங்களைப் போன்றவர்களின் பேச்சு. இந்த வீட்டில் மாத்திரையைப் போடுவார்கள். வண்டியிலிருந்து சாமானைத்தான் எடுப்பார்கள். சிஸ்டர் ஒரு தமிழில் கேட்டிருக்கிறார், இவர் இன்னொரு தமிழில் பதில் சொல்லியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷனின் உயிர் மாட்டிக்கொண்டிருந்தது.

தனம் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள். பிறத்தியார் முன்னால் புருஷனை எப்போதும் "இன்னாங்க" என்று கூப்பிடுகிறவள். கோபம் வந்தால்தான் வேறு வார்த்தை வரும்.

"யோவ்," என்றாள். "இன்னாய்யா பண்ணி வெச்சிக்கீற?"

நான் ஜெயசீலிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே, "லைன்ல இருங்க மேடம், டாக்டர்கிட்ட கேட்டுடறேன்," என்றார். திரும்ப வந்தபோது குரல் மாறியிருந்தது. "அந்த மாத்திரையில ஒண்ணு இப்பவே குடுங்க. உடனே கிளம்பி வாங்க. சாரை நடக்க விடாதீங்க. நெஞ்சுல கொஞ்சம் வலிச்சாலும் வழியிலேயே எனக்குக் கூப்பிடுங்க."

தனம் ஆணியிலிருந்து அட்டையைப் பிடுங்கினாள். ரப்பர் பேண்ட் அறுந்து, காலண்டரும் கூடவே கீழே விழுந்தது.

மழையில் ஆட்டோ கிடைப்பது பேஜார். தசரதன் எங்கிருந்தோ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தார். நடுவில் சிட்டிபாபு, இரண்டு பக்கமும் நாங்கள். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டு போயின. தனம் டிரைவரை வேகமாகப் போகச் சொன்னாள், ஸ்பீடு பிரேக்கர் வந்ததும் மெதுவாகப் போகச் சொன்னாள். டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு இரண்டையும் செய்தார். செய்தி கேட்டுக் கிளம்பி, வண்டலூர் பக்கம் டிராபிக்கில் மாட்டியிருந்த ஓவியா போனில் அழுதுகொண்டே இருந்தாள்.

சிட்டிபாபு மட்டும் அமைதியாக இருந்தார். தாம்பரம் பாலத்தைத் தாண்டும்போது, "டீச்சர், அப்ப அது கிளாம்ப்பு இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல சார்."

"அப்ப இன்னாது?"

எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் சிவப்பு, நீலம் என்று இரண்டு சாக்பீஸில் இதயம் வரைகிறவள் நான். நாலு அறை, வால்வு, அம்புக்குறி. அன்றைக்கு அந்த அம்புக்குறிகளால் ஒரு பிரயோஜனமும் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலிலேயே சக்கர நாற்காலியோடு ஒரு பெண் நின்றிருந்தார். குரலை வைத்து நான் நினைத்ததைவிட வயது குறைவு, கழுத்தில் சின்னச் சிலுவைச் சங்கிலி. ஜெயசீலி. ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எக்கோ பார்த்தார்கள். திரைச்சீலைக்கு வெளியே தனம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வளையல் என் மணிக்கட்டில் அழுந்தியது. அவள் வாய் எதையோ முணுமுணுத்தது. நானும் எங்கள் வழக்கப்படி ஜெபம் பண்ணினேன். சூர்யநாராயணன் படுத்திருந்த ஐ.சி.யு. கதவு எதிரே தெரிந்தது. நாங்கள் இரண்டு பேருமே அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

ஜெயசீலிதான் முதலில் வெளியே வந்தார். "ஒண்ணும் ஆகலம்மா. ரத்த ஓட்டம் நல்லா இருக்கு. அட்மிட் பண்ண வேண்டாம்னு டாக்டர் சொல்லிட்டார். கொஞ்ச நேரம் வெச்சிருந்து பாத்துட்டு அனுப்பிடுவாங்க."

தனம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஜெயசீலியும் பக்கத்தில் உட்கார்ந்தார். "என்னை மன்னிச்சிடுங்கம்மா. என் வேலையே இங்கேர்ந்து போனவங்க திரும்பி வராம பாத்துக்கறதுதான். நான் கேட்ட கேள்வியே தப்பா இருந்திருக்கு."

உள்ளே கட்டிலில் இருந்து சிட்டிபாபுவின் குரல் வந்தது. "நீ இன்னாம்மா பண்ணுவ. எங்க பட்டறைலயும் அதான். அனுப்புன வண்டி திரும்பி வந்தா எங்களுக்குத்தான் கேவலம். ரிட்டன் வண்டின்னு பக்கத்துப் பட்டறைக்காரன் சிரிப்பான். ஆனா வேல தப்பா இருக்காது, டிரைவரு எதனா கழட்டி வெச்சிருப்பான். நான்தாம்மா கழட்டி வெச்ச டிரைவரு."

டாக்டர் தேவானந்தம் வந்தார். இந்தத் தடவை அவர் சிரித்துவிட்டுப் போகவில்லை. கம்ப்யூட்டர் திரையைக் கட்டில் பக்கம் திருப்பினார்.

"சிட்டிபாபு சார், இதுக்கு ஸ்ப்ரிங்னு பேர் வெச்ச ஆள் என் கையில கிடைச்சா உதைப்பேன். இது அமுங்காது, எழும்பாது, நகராது. சல்லடை மாதிரி கண்ணு கண்ணா இருக்கற சின்னக் குழாய். சுருக்கி உள்ள கொண்டு போய், பலூனை ஊதி விரிச்சோம். விரிஞ்சா விரிஞ்சதுதான். நீங்க நடக்கலாம், இருமலாம், சிரிக்கலாம். இதோ, ஸ்டென்ட் வெச்ச அன்னிக்கு எடுத்த படம், உங்க இதயம்."

திரையில் சாம்பல் நிறத்தில் ஏதோ துடித்தது. நான் வரைகிற இதயத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. திடீரென்று அதில் கறுப்பாக, மை மாதிரி மருந்து பரவி, கிளை கிளையாக ரத்தக் குழாய்கள் தெரிந்தன. துடிக்கத் துடிக்க அந்த மரமே ஆடியது. ஒரு பெரிய கிளை பாதியில் நூலாக இளைத்து நின்றிருந்தது, அதற்கு அப்பால் வெறுமை. அடுத்த படத்தில் அதே இடம் அகலமாக, கறுப்பு கடைசி நுனி வரைக்கும் ஓடியது. ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருந்ததையும் அவன் பிழைத்ததையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். மயிர்க்கூச்செறிந்தது. தனம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"இது நானா?" என்றார் சிட்டிபாபு.

"நீங்கதான்."

"அப்ப அந்த மாத்திர எதுக்கு சார்?"

"ரத்தத்துக்கு இந்தக் குழாய் வேத்து ஆள். பாத்தவுடனே வந்து மொய்ச்சு உறைஞ்சிடும். உறைஞ்சா அந்த வழி மறுபடி அடைஞ்சிடும், போன தடவை கிடைச்ச மாதிரி ஆஸ்பத்திரிக்கு வர நேரம்கூடக் கிடைக்காது. மாத்திரைதான் அப்படி உறைய விடாம பாத்துக்குது, அது மேல தோல் மூடற வரைக்கும்."

"எது மேல?"

"அந்த ஸ்டென்ட் மேல. ரத்தக் குழாயோட உள்பக்கத் தோல் கொஞ்சம் கொஞ்சமா வளர்ந்து, அந்தக் கம்பியை மூடிடும். மாசக்கணக்காகும். மூடிட்டா அப்புறம் அதுவும் உங்க உடம்புதான். எப்ப மாத்திரையை நிறுத்தணும்னு நான் சொல்வேன். நான் மட்டும்தான் சொல்வேன்."

சிட்டிபாபு கறை படிந்த, நகம் சிதைந்த தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தானா வளருமா சார்? யாரும் ஒண்ணும் பண்ணாம?"

"தானா."

"இப்பக்கூட வளந்துகினு கீதா?"

"இப்பக்கூட."

"நான் இரும்போடவே பொழச்சவன் சார்," என்றார். "இரும்பு துருப்புடிச்சுப் பாத்துக்கீறேன். தொங்கிப்போய், ஒடஞ்சு பாத்துக்கீறேன். எண்ணெய் போடுவேன், கிரீஸ் போடுவேன், அப்பவும் ஒருநாள் பூடும். அது மேல சதை வளந்து நான் பாத்ததில்ல. அத்தத் தன்னோடதுன்னு உடம்பு சேத்துக்குமா? எனுக்கே தெரியாம எனுக்குள்ளாற இவ்ளோ வேல நடக்குதா?"

டாக்டரும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் அதையே பார்க்கிறவர், அன்றைக்குப் புதிதாகப் பார்க்கிற மாதிரி நின்றார்.

மறுநாளே ஜெயசீலி, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போனவர்களை எல்லாம் மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிட்டாராம். மாத்திரை போட்டீங்களா என்று மாற்றிக் கேட்கலாம் என்று முதலில் நினைத்திருக்கிறார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் ஒருவர், "அதையா, அப்பவே போட்டாச்சே," என்றதும், எங்கே போட்டீங்க என்று கேட்டிருக்கிறார். குப்பையில் என்று பதில் வந்ததாம். அவரையும் அன்றைக்கே வரவழைத்தார்கள். அதன் பிறகு அந்த ஆஸ்பத்திரியிலிருந்து போகிற எல்லாப் போனிலும் ஒரே கேள்விதான். "இன்னிக்கு முழுங்கினீங்களா?" கேட்கக் கொஞ்சம் மரியாதைக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு அர்த்தம் கிடையாது.

மழை விட்டு மார்கழி வந்தது. சிட்டிபாபு காலையில் ஏரிக்கரை வரைக்கும் நடந்து, பட்டறையில் கொஞ்ச நேரம் குந்திவிட்டு வருகிறார். சம்மட்டியைத் தசரதன் தருவதில்லை. ஆட்டோவில் போனால் ஸ்பீடு பிரேக்கருக்கு இறங்குவதில்லை. சூர்யநாராயணனும் பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒரு பழக்கம் மட்டும் புதிதாக வந்திருக்கிறது. ஜெயசீலி போன் செய்தால், "முழுங்கிட்டேம்மா," என்று சொல்லிவிட்டு, "இப்ப தோல் எவ்ளோ மூடிக்கீது?" என்று கேட்பார். ஜெயசீலிக்கு அது எப்படித் தெரியும்? "வளர்ந்துகிட்டே இருக்கு சார்," என்பார். அது போதும் அவருக்கு. போனை வைத்துவிட்டு, வலது கையை நெஞ்சின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தனம் அப்போது மிக்ஸியை நிறுத்திவிடுவாள்.

நேற்றுச் சாயங்காலமும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். வாசற்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த தனம் என்னை ஜாடையால் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஓவியா வயித்துல இருந்தப்போ நானும் இப்புடித்தான் டீச்சர், கைய வெச்சுகினு குந்தினே இருப்பேன்," என்றாள் மெதுவாக. "அப்பல்லாம் இவுரு கேப்பாரு, அதுல இன்னாடி தெரியுதுன்னு. எனுக்குச் சொல்லத் தெரியாது."

சிரிக்க ஆரம்பித்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே போனாள். ராத்திரி மாத்திரையைப் பிரித்து, தண்ணீர்ச் சொம்போடு அவர் முன்னால் போய் நின்றாள். அவர் நெஞ்சிலிருந்து கையை எடுக்காமல் வாயை மட்டும் திறந்தார்.

"முழுங்குய்யா," என்றாள். அந்த 'யா'வில் கோபம் துளிகூட இல்லை.